கொப்பி யார் கையில்? திருகோணமலையில் நான்கு பேர் ஒரு கிளவுட் கருவியைத் தேர்ந்த கதை

எங்கள் வேலைக்கும் காற்றுக்கும் தொடர்பு உண்டு. சோளகம் வீசும் மாதங்களில் நிலாவெளியிலும் உப்புவெளியிலும் கடல் அடங்கிக் கிடக்கும், விடுதிகள் நிரம்பும், அவற்றின் முன்பதிவுத் தளங்களை ஓட்டும் சர்வர்களுக்கு மூச்சு விட நேரம் இராது. கார்த்திகையில் வாடை திரும்பினால் மழை, வெறும் அறைகள், சும்மா ஓடும் சர்வர்கள். தள்ளிப்போட்ட வேலைகளை நாங்கள் அப்போதுதான் கையில் எடுப்போம். கடந்த மாரியில் எடுத்தது, கிளவுடில் சிதறிக் கிடந்த எங்கள் உடைமைகளையெல்லாம் எழுத்தில் கொண்டுவரும் வேலை. எந்தக் கருவியால் எழுதுவது என்பதில் நான்கு பேருக்குள் ஐந்து கருத்து இருந்தது.

எங்களைப் போன்ற சிறிய குழுக்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். நூறு பொறியாளர்கள் இருக்கும் இடத்தில் கணக்கு வேறு.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சர்வர்களை இணையம் வழியே வாடகைக்கு விடும் கிளவுட் நிறுவனத்தின் இணையப் பலகையில், அதாவது கன்சோலில், சொடுக்கிச் சொடுக்கி சர்வரையும் தரவுத்தளத்தையும் உருவாக்கலாம். அதற்குப் பதிலாக, ‘மும்பையில் இரண்டு சர்வர், ஒரு தரவுத்தளம், இந்த வாசல்கள் மட்டும் திறந்திருக்கட்டும்’ என்று ஒரு கோப்பில் எழுதி வைக்கலாம். ஒரு கருவி அதைப் படித்து, இருப்பதோடு ஒப்பிட்டு, இல்லாததை உருவாக்கி, மிகையாக இருப்பதை அகற்றும். உட்கட்டமைப்பை நிரலாக எழுதுவது என்று இதைத்தான் சொல்கிறார்கள். மும்பை என்று சொல்லக் காரணம் உண்டு. அமேசானின் ஏ.டபிள்யூ.எஸ். இலங்கையில் தரவு மையத் தொகுதி எதையும் வைத்திருக்கவில்லை. நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் 2010 முதல் சிங்கப்பூரும் 2016 முதல் மும்பையும் இருக்கின்றன.

சொடுக்கினால் போதாதா என்றும் எங்களுக்குள் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரேயொரு சர்வர், ஒரேயொரு ஆள் என்றால் போதும். என்ன செய்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வைத்தாலே புண்ணியம். எங்களிடம் பதினொரு விடுதிகளின் தளங்கள் இருந்தன. யாரோ ஒருநாள் அவசரத்தில் சோதனைக்காகத் திறந்த தரவுத்தள வாசல் ஒன்று உலகம் முழுவதற்கும் ஏழு மாதம் திறந்தே கிடந்தது. யார் திறந்தது என்று இன்றுவரை தெரியாது, நானாகவும் இருக்கலாம். அதோடு சொடுக்கும் கட்சி தோற்றுவிட்டது.

கடன் கொப்பி

எங்கள் அலுவலகம் உட்துறைமுக வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கையில், ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில் இருக்கிறது. கடைக்கார ஐயாவிடம் நீள மட்டை போட்ட கடன் கொப்பி ஒன்று உண்டு. யார் என்ன வாங்கினார்கள், எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அதில்தான். சாமான் வீட்டில் இருக்கும், ஆனால் அது கடனா கட்டிய காசா என்பதைக் கொப்பிதான் சொல்லும். ஒருநாள் அவர் மகன் கொப்பியில் எழுதாமல் இரண்டு மூடை மாவைக் கொடுத்துவிட்டான். அதைக் கண்டுபிடிக்க ஐயாவுக்கு ஒரு மாதம் பிடித்தது.

இந்தக் கருவிகள் ஒவ்வொன்றிடமும் இப்படி ஒரு கொப்பி இருக்கிறது. கோப்பில் ‘முன்பதிவுத் தரவுத்தளம்’ என்று நீங்கள் எழுதியது கிளவுடில் எந்த அடையாள எண்ணோடு இருக்கிறது என்ற பதிவு அது. இந்தக் கருவிகளில் ஒன்றான டெராஃபார்மின் உலகில் அதற்கு ஸ்டேட் கோப்பு என்று பெயர். இணையத்தில் நடக்கும் ஒப்பீடுகளில் பெரும்பாலானவை எந்த மொழி அழகு, எதில் குறைவாகத் தட்டச்சு செய்யலாம் என்பதிலேயே நின்றுவிடுகின்றன. எனக்கும் முன்பு அப்படித்தான் தோன்றியது. கொப்பி எங்கே இருக்கிறது, எழுதிக்கொண்டிருக்கும்போது பேனாவைப் பிடித்திருப்பது யார் என்ற இரண்டையும் முதலில் கேட்க வேண்டும் என்று கற்றுக்கொண்டது ஒரு மின்வெட்டில்.

நாங்கள் ஒரு புதிய விடுதிக்காக டெராஃபார்மைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொப்பி மும்பையில், ஏ.டபிள்யூ.எஸ்ஸின் கோப்புக் கிடங்கான எஸ்3இன் பெட்டி ஒன்றில் இருந்தது. பேனா என் மடிக்கணினியில். மாலை நான்கரைக்கு, கோப்பில் எழுதியதை உருவாக்கச் சொல்லும் ‘அப்ளை’ கட்டளையைக் கொடுத்தேன். பாதுகாப்பு விதிகள் உருவாகின, வலைப்பின்னல் உருவானது, தரவுத்தளம் உருவாகத் தொடங்கியது. ஏ.டபிள்யூ.எஸ்ஸின் ஆர்.டி.எஸ். சேவையில் தரவுத்தளம் எழுந்து நிற்கச் சில நிமிடங்கள் எடுக்கும். ‘இன்னும் உருவாகிறது, நான்கு நிமிடம் பத்து விநாடி’ என்ற பொருள்பட ஒரு வரி வந்தது. அதற்கடுத்த வரி வருவதற்குள் மின்விசிறி நின்றது. மடிக்கணினிக்கு பேட்டரி இருந்தது. ரவுட்டருக்கு இல்லை.

கருவி சிறிது நேரம் மும்பையைத் தட்டிப் பார்த்தது, பிறகு தோல்வியை ஒப்புக்கொண்டது. கொப்பியை எஸ்3க்கு அனுப்ப வழியில்லாததால், அதுவரை எழுதியதை என் மடிக்கணினியிலேயே, பிழை என்று பெயர் சொல்லும் தனிக் கோப்பொன்றில் போட்டு வைத்தது. அதை எப்படித் திரும்பச் சேர்ப்பது என்றும் திரையில் எழுதியது. நான் வாசிக்கவில்லை. மாடி விறாந்தையில் நின்று, கீழே குப்பைத்தொட்டியைக் கிளறும் புள்ளிமான்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கரண்ட் வராது என்று தெரிந்ததும் மடிக்கணினியை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். (எங்கள் ஊரில் மான்கள் டவுனுக்குள் ஆட்டைப் போலத் திரியும். வெளியூர்க்காரர்கள் படம் எடுப்பார்கள்.)

மறுநாள் காலை நான் கிண்ணியாவில் வாடிக்கையாளர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது.

“அண்ணா, பூட்டு விழுந்து கிடக்கிறது. உங்கள் பெயர்தான் காட்டுகிறது. திறக்கட்டுமா?”

“திறவுங்கள் தங்கச்சி, அது நேற்றைய பழைய பூட்டு.”

இரண்டு பேர் ஒரே நேரத்தில் கொப்பியில் எழுதிவிடக் கூடாது என்பதற்காகக் கருவி போடும் பூட்டு அது. எழுதி முடித்ததும் தானாகக் கழன்றுவிடும். நேற்று எழுதி முடிக்கவில்லை, அதனால் கழலவில்லை. அவர் பலவந்தமாகத் திறந்தார். மும்பையில் இருந்த கொப்பியில் தரவுத்தளம் இல்லை. அந்த வரி என் தோள்பையில் மடிக்கணினிக்குள் கிடந்தது. அவர் மறுபடி ‘அப்ளை’ செய்தார். கருவி புதிதாக உருவாக்கப் போனது. அதே பெயரில் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது என்று ஏ.டபிள்யூ.எஸ். மறுத்தது. அதைக் கன்சோலில் போய் அழித்துவிட்டு வரட்டுமா என்று அவர் அடுத்துக் கேட்டபோது நான் கிண்ணியாப் பாலத்தின் நடுவில் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டு வேண்டாம் என்று கத்தினேன். அது காலித் தரவுத்தளம்தான், அழித்திருந்தாலும் ஒன்றும் போயிராது. ஆனால் அந்தக் கை அடுத்த முறை நிரம்பிய தரவுத்தளத்திலும் அதையே செய்யும்.

கரண்ட் போவது இந்த நாட்டில் விதிவிலக்கான நிகழ்ச்சி இல்லை. 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை வெட்டினார்கள். நிலைமை சீரான பின்பும், 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததில் நாடு முழுவதும் இருண்டது. அமைச்சரே சொன்ன காரணம் அது. இதைக் கணக்கில் எடுக்காமல் கருவி தேர்ந்தெடுக்கச் சொல்லும் கட்டுரைகளை எழுதுகிறவர்கள் மின்வெட்டு தெரியாத ஊர்களில் இருக்கிறார்கள்.

கடைக்காரரே கொப்பியை வைத்திருந்தால்

ஏ.டபிள்யூ.எஸ். 2011இல் வெளியிட்ட க்ளவுட்ஃபார்மேஷனில் இந்தச் சிக்கலே இல்லை. நீங்கள் கோப்பை அனுப்பிவிட்டால் வேலை முழுவதும் அவர்களுடைய இடத்தில் நடக்கிறது. கொப்பியும் அவர்களிடம், பேனாவும் அவர்களிடம். திருகோணமலையில் மின்விசிறி நின்றாலும் மும்பையில் தரவுத்தளம் எழுந்துகொண்டிருக்கும். கரண்ட் வந்த பிறகு போய்ப் பார்த்தால் முடிந்திருக்கும், அல்லது எங்கேயோ தோற்றுப் பழைய நிலைக்கே திரும்பியிருக்கும். இப்படித் தானாகத் திரும்புவது டெராஃபார்மில் கிடையாது. பாதியில் தோற்றால் பாதி அப்படியே நிற்கும். சர்வர், தரவுத்தளம் போன்ற ஏ.டபிள்யூ.எஸ்ஸின் சொந்த வளங்களுக்கு இதைப் பயன்படுத்தத் தனிக் கட்டணமும் இல்லை.

எங்கள் மின்வெட்டுக் கதைக்குப் பிறகு இதுவே விடை என்று நான் மேசையைத் தட்டினேன். என்னை மறுத்தவர் காட்டியது மூன்று. முதலாவது, எங்கள் விடுதிகளின் டொமைன் பெயர்களை வழிநடத்தும் டி.என்.எஸ். பதிவுகள் க்ளவுட்ஃப்ளேர் என்ற வேறு நிறுவனத்திடம் இருக்கின்றன. க்ளவுட்ஃபார்மேஷன் பிறந்தது ஏ.டபிள்யூ.எஸ்ஸின் வளங்களுக்காக. வெளியாரின் வளங்களை நீட்சிகள் வழியாகச் சேர்க்க வழி வைத்திருக்கிறார்கள் என்றாலும் அது பக்கத்துவீட்டுச் சமையலறையில் சமைப்பது போன்றது. இரண்டாவது, பழைய நிலைக்குத் திரும்பும்போதே அது தோற்றுப்போகலாம். அதற்கென்றே ‘திரும்புதலும் தோற்றது’ என்ற பொருளில் ஒரு தனி நிலைப்பெயரை வைத்திருக்கிறார்கள். அங்கே சிக்கிக்கொண்டால், எந்த வளத்தை விட்டுவிட்டு மேலே போவது என்று நீங்களே சொல்லி மீட்க வேண்டும். கொப்பி அவர்களிடம் இருப்பதால் நீங்கள் அதை நேரே திருத்தவும் முடியாது. மூன்றாவது, நாளை ஒரு வாடிக்கையாளர் மைக்ரோசொஃப்ட்டின் அஸூர் கிளவுடில்தான் வேண்டும் என்றால்? அஸூரின் தொகுதி ஒன்று சென்னையிலேயே இருக்கிறது. கேட்க மாட்டார்கள் என்று சொல்ல முடியாது. அப்போது அஸூருக்கென்றே உள்ள பைசெப்பைப் படிக்க வேண்டும். பைசெப் நல்ல கருவிதான், அதுவும் தனி ஸ்டேட் கோப்பு கேட்பதில்லை. ஆனால் நான்கு பேர் இரண்டு மொழி எழுதுவது கஷ்டம்.

மூன்றாவது காரணத்தை நான் இன்றும் பெரிதாக எடுப்பதில்லை. வராத விருந்தாளிக்கு உலை வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முதலாவதுதான் என்னை வாயடைக்க வைத்தது. ஒரு புதிய விடுதியை ஏற்றும்போது சர்வரும் டொமைனும் ஒரே ஓட்டத்தில் எழுந்து நிற்க வேண்டும். ஒன்றின் முகவரி மற்றதற்குத் தேவை. பாதியைக் கருவியாலும் பாதியைக் கையாலும் செய்தால் ஏழு மாத வாசல் மறுபடி திறக்கும்.

ஒரே வயிற்றுப் பிள்ளைகள்

அப்படியானால் டெராஃபார்ம். ஹஷிகார்ப் நிறுவனம் 2014இல் வெளியிட்டது. ஏ.டபிள்யூ.எஸ்., அஸூர், கூகுள், க்ளவுட்ஃப்ளேர் என்று ஒவ்வொன்றோடும் பேச ஒரு புரவைடர், அதாவது இணைப்பு நிரல், உண்டு. எல்லாவற்றையும் ஒரே மொழியில் எழுதலாம். அந்த மொழிக்கு எச்.சி.எல். என்று பெயர். நிரல்மொழிக்கும் அமைப்புக் கோப்புக்கும் இடைப்பட்ட ஒன்று. பிரமாதமான மொழி என்று சொல்ல மாட்டேன். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் வளையம் ஒன்றை எழுதப் போனால் அதன் வறுமை தெரிந்துவிடும்.

2023 ஆகஸ்டில் ஹஷிகார்ப் தன் உரிமத்தை மாற்றியது. அதுவரை எம்.பி.எல். என்ற திறமூல உரிமம். அதற்குப் பிறகு வந்த பதிப்புகளுக்கு பி.எஸ்.எல். என்ற, போட்டி வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உரிமம். அதை ஏற்காதவர்கள் பழைய உரிமத்தில் இருந்த நிரலிலிருந்து கிளை பிரித்தார்கள். அந்தக் கிளைதான் ஓப்பன்டோஃபு. அதே ஆண்டு செப்டம்பரில் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வந்தது. 2024 ஜனவரியில் முதல் நிலையான பதிப்பான 1.6 வெளியானது. ஹஷிகார்பை ஐ.பி.எம். வாங்கும் ஒப்பந்தம் 2024இல் அறிவிக்கப்பட்டு 2025 பெப்ரவரியில் நிறைவேறியது.

உரிம மாற்றத்தைக் கேட்டதும் டெராஃபார்மை இனித் தொடக்கூடாது என்று பயந்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன். தன் வேலைக்காக அதைப் பயன்படுத்துகிறவர்களை அந்த உரிமம் தடுக்கவில்லை. ஹஷிகார்போடு போட்டியிடும் சேவையை விற்கிறவர்களுக்குத்தான் கட்டு. எங்களைப் போன்றவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். ஆகவே உரிமத்தை வைத்து இரண்டில் ஒன்றை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை.

தேர்ந்தெடுத்தது கொப்பியை வைத்துத்தான். ஸ்டேட் கோப்பில் தரவுத்தளக் கடவுச்சொல் வெறும் எழுத்தாகக் கிடக்கும். இது பலருக்குத் தெரியாத, தெரிந்தவர்கள் பேச விரும்பாத விஷயம். நிரலில் நீங்கள் எவ்வளவு மறைத்து எழுதினாலும், கருவி கொப்பியில் எழுதும்போது பச்சையாக எழுதிவிடும். எஸ்3 பெட்டியைப் பூட்டிக் காக்கலாம். ஆனால் மின்வெட்டில் என் மடிக்கணினியில் விழுந்த அந்தப் பிழைக்கோப்பு? அதைத் திறந்து பார்த்தேன். கடவுச்சொல் ஒரு வரியில் அப்படியே இருந்தது. அந்த மடிக்கணினியைத்தான் தோள்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போயிருந்தேன். ஓப்பன்டோஃபு 2024 ஏப்ரலில் வந்த 1.7 பதிப்பிலிருந்து கொப்பியை நம் பக்கத்திலேயே மறைகுறியாக்கி எழுத வழி செய்திருக்கிறது. டெராஃபார்ம் வேறு பாதையில் போனது: 1.10, 1.11 பதிப்புகளில், ரகசியத்தைக் கொப்பியில் எழுதாமலேயே கடத்தும் வழிகளைச் சேர்த்தது. கொள்கையாகப் பார்த்தால் டெராஃபார்மின் பாதை சுத்தமானது. எழுதாத ரகசியம் திருடு போகாது. ஆனால் ஒவ்வொரு வளமும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும், நாமும் ஒவ்வொரு இடத்திலும் ஞாபகமாக அப்படி எழுத வேண்டும். மறதிக்காரர்களான எங்களுக்குக் கொப்பி முழுவதையும் பூட்டுவதே பொருந்தியது.

பிரிவின் விலையும் இருக்கிறது. ஆரம்பத்தில் ஒன்றுக்கு எழுதியது மற்றதிலும் ஓடியது. இன்றும் பெரும்பாலும் ஓடுகிறது. ஆனால் ஒவ்வொரு பதிப்பிலும் இரண்டும் தனித்தனியே வளர்கின்றன. கொப்பியை மறைகுறியாக்கிவிட்ட பிறகு நாங்கள் டெராஃபார்முக்குத் திரும்பப் போக வேண்டுமென்றால் முதலில் அதைக் கழற்ற வேண்டும். சந்தேகம் வந்து தேடினால் கிடைக்கும் பதில்களில் பெரும்பகுதி டெராஃபார்மின் பெயரில்தான் இருக்கிறது. வேலைவாய்ப்பு விளம்பரங்களும் அந்தப் பெயரைத்தான் கேட்கின்றன. எங்கள் தங்கச்சிக்கு இது முக்கியமாக இருந்தது, மறைக்காமல் சொன்னார்: “அண்ணா, நான் நாளைக்கு கொழும்பில் நேர்முகத்துக்குப் போனால் டெராஃபார்ம் தெரியும் என்றுதானே சொல்ல வேண்டும்?” சொல்லலாம், பொய்யாகாது என்றேன்.

நேர விரயத்தைப் பற்றி ஒரு சிறு முறைப்பாடு. ஏ.டபிள்யூ.எஸ். புரவைடரை இறக்கி அவிழ்த்தால் சில நூறு எம்.பி. ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனியே இறக்கும். மொபைல் டேட்டாவில் வேலை செய்கிற நாளில் இது பாக்கெட்டைக் கடிக்கும். எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவான சேமிப்பு அடைவு ஒன்றை அமைத்துவிட்டால் ஒருமுறை இறக்கினால் போதும். முதல் நாளே செய்துவிடுங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டியது. ஒவ்வொரு விடுதிக்கும் படங்களை வைக்க ஓர் எஸ்3 பெட்டி. விடுதிப் பெயர்களைப் பட்டியலாக எழுதி, ‘கவுண்ட்’ என்ற வசதியால் பட்டியலின் நீளத்துக்கு ஏற்பப் பெட்டிகளை உருவாக்கினோம். கொப்பியில் அவை 0, 1, 2, 3 என்று வரிசை எண்ணோடு பதிந்தன. இரண்டாவது விடுதிக்காரர் விலகினார். பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்தோம். ஒரு பெட்டி அழியும் என்று எதிர்பார்த்தோம். என்ன மாறும் என்று முன்கூட்டியே காட்டும் ‘பிளான்’ கட்டளை, ஒன்பது பெட்டிகளை அழித்துத் திரும்ப உருவாக்கப் போவதாகவும், ஒன்றை அழிக்கப் போவதாகவும் காட்டியது. வைத்தியரைப் பார்க்கக் காத்திருக்கும் வரிசையில் இரண்டாம் நம்பர்க்காரர் எழுந்து போனால் மூன்றாம் நம்பர்க்காரர் இரண்டாம் நம்பராகிவிடுகிறார் அல்லவா? கருவிக்கு ஆளைத் தெரியாது, நம்பரைத்தான் தெரியும். இரண்டாம் நம்பரின் பெயர் மாறிவிட்டது, எனவே பழையதை அழி, புதியதை உருவாக்கு என்கிறது. ‘ஃபார் ஈச்’ என்ற வசதியில் எண்ணுக்குப் பதிலாகப் பெயரையே அடையாளமாகக் கொடுக்கலாம். பிளானைப் படிக்காமல் ‘யெஸ்’ தட்டியிருந்தாலும், படங்கள் நிரம்பிய பெட்டிகளை அழிக்க எஸ்3 மறுத்திருக்கும். எல்லா வளத்துக்கும் அந்தக் கருணை கிடையாது.

எங்களுக்குத் தெரிந்த மொழியிலேயே எழுதினால் என்ன

இந்தக் கேள்வியைக் கேட்டவர் கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்தில் கணினி படித்து வந்த தம்பி. பைதான் நன்றாக வரும். புலுமி என்ற கருவியில் பைதான், டைப்ஸ்கிரிப்ட், கோ போன்ற முழுமையான நிரல்மொழிகளில் உட்கட்டமைப்பை எழுதலாம். 2018இல் வெளியானது, திறமூலம். ஏ.டபிள்யூ.எஸ். 2019இல் பொதுப் பயன்பாட்டுக்கு விட்ட சி.டி.கே.வும் இதே எண்ணம்தான். சி.டி.கே. நீங்கள் எழுதியதை க்ளவுட்ஃபார்மேஷன் கோப்பாக மாற்றி அனுப்புகிறது, ஆகவே கொப்பியும் பேனாவும் ஏ.டபிள்யூ.எஸ்ஸிடமே இருக்கும். புலுமி தன் கொப்பியைத் தானே வைத்திருக்கிறது: அவர்களுடைய இணையச் சேவையில், அல்லது நீங்கள் காட்டும் எஸ்3 பெட்டியில். ரகசியம் என்று குறித்தவற்றை அது மறைகுறியாக்கித்தான் எழுதுகிறது. அந்த வகையில் என் பஸ் பயணத்துக்கு மிகப் பொருத்தமான கருவி அதுதான்.

தம்பி ஒரே இரவில் பதினொரு விடுதிகளையும் புலுமியில் எழுதிக்கொண்டு வந்தார். அறுபது வரி. எச்.சி.எல்லில் எங்களுக்கு இருநூறு தாண்டியிருந்தது. அழகாகத்தான் இருந்தது. நான் அவரிடம் ஒன்றுதான் கேட்டேன்: “நிலாவெளி விடுதியின் தரவுத்தளம் எந்த அளவில் ஓடுகிறது? ஓட்டிப் பார்க்காமல், கோப்பைப் பார்த்துச் சொல்லுங்கள்.” அவர் நிரலில் ஒரு வகுப்பை, அதாவது ‘கிளாஸ்’ ஒன்றைத் திறந்தார், அது இன்னொரு வகுப்பிலிருந்து பிறந்தது, அளவு ஒரு அகராதியிலிருந்து வந்தது, அந்த அகராதியைப் பருவகாலத்தைப் பார்த்து ஒரு செயற்கூறு மாற்றியது. சொல்லிவிட்டார், ஆனால் இரண்டு நிமிடம் எடுத்தது. எழுதியவருக்கே இரண்டு நிமிடம். எச்.சி.எல்லில் அந்த வரி நேராகக் கண்ணில் படும். சுருக்கி எழுதச் சக்தியில்லாத அந்த மொழியின் வறுமை இங்கே எங்களுக்கு உதவுகிறது.

எங்கள் ஊரில் நல்ல பொறியாளர்கள் நிலைத்திருப்பதில்லை. கொழும்புக்குப் போகிறார்கள், அவுஸ்திரேலியாவுக்குப் போகிறார்கள், கனடாவுக்குப் போகிறார்கள். யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கோப்பு இங்கே இருக்கும், அதை அடுத்த தை மாதம் சேர்கிற ஒருவர் வாசிக்க வேண்டும். குழுவில் எல்லோரும் நிரலாளர்கள், சோதனைகள் எழுதும் பழக்கமும் இருக்கிறது, ஆட்கள் மூன்று நான்கு வருடம் நிற்பார்கள் என்றால் நான் புலுமிக்கே வாக்களித்திருப்பேன். தம்பி இன்னும் என்னோடு இதில் சண்டைதான்.

சி.டி.கே. பக்கம் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதில் வளத்தின் அடையாளம், நிரலில் அது உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து பிறக்கிறது. ஒழுங்குபடுத்துகிறேன் என்று ஒரு தரவுத்தளத்தை ஒரு வகுப்பிலிருந்து இன்னொன்றுக்குள் நகர்த்தினால் அடையாளம் மாறும். அது வேறு தரவுத்தளம் என்று க்ளவுட்ஃபார்மேஷன் நினைக்கும். புதியதை உருவாக்கிவிட்டுப் பழையதை அகற்றப் பார்க்கும். நிரலாளருக்கு அது வெறும் அறை மாற்றம், தரவுத்தளத்துக்கோ உயிர்ப் பிரச்சினை.

அன்சிபிளைப் பற்றியும் கேட்டார்கள். சர்வருக்குள்ளே என்ன நிறுவுவது, எந்தக் கோப்பை எங்கே வைப்பது என்பதற்கு அது அருமையானது, நாங்களும் பயன்படுத்துகிறோம். அதனிடம் இந்த வகைக் கொப்பி கிடையாது. எதை எழுதாமல் விட்டீர்களோ அதை அகற்ற அதற்குத் தெரியாது. வீட்டைக் கட்டுவது ஒரு வேலை, உள்ளே தளபாடம் அடுக்குவது வேறு வேலை. இன்னொரு கருவியான க்ராஸ்பிளேனுக்கு முதலில் ஒரு குபர்நெட்டிஸ் கட்டமைப்பு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எங்களிடம் இல்லை. அதோடு பேச்சு முடிந்தது.

எடுத்த முடிவு

ஓப்பன்டோஃபுவை எடுத்தோம். ஆனால் கருவியைவிட அதிகமாக எங்கள் வாழ்க்கையை மாற்றியது அதோடு சேர்த்து எடுத்த இன்னொரு முடிவு: யாரும் தன் மடிக்கணினியிலிருந்து ‘அப்ளை’ செய்யக் கூடாது. மாற்றத்தை எழுதி, நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப்புக்கு அனுப்ப வேண்டும். அங்கே கிட்ஹப் ஆக்ஷன்ஸ் என்ற தானியங்கி வசதி பிளானை ஓட்டி அதன் முடிவை எல்லோருக்கும் காட்டும். இன்னொருவர் அதைப் படித்துச் சம்மதித்த பின் அங்கேயே ‘அப்ளை’ ஓடும். பேனா இப்போது எங்கள் மேல்மாடியில் இல்லை, கரண்ட் போகாத ஏதோ ஒரு தரவு மையத்தில் இருக்கிறது. க்ளவுட்ஃபார்மேஷனிடம் நான் பொறாமைப்பட்டது இதைத்தான். கொப்பியை எங்கள் கையிலேயே வைத்துக்கொண்டு பாதியாவது பெற்றுவிட்டோம். தானாகப் பழைய நிலைக்குத் திரும்புவது மட்டும் கிடைக்கவில்லை. பூட்டையும் எஸ்3 பெட்டிக்குள்ளேயே வைக்கிறோம். முன்பு அதற்கென்று ஏ.டபிள்யூ.எஸ்ஸின் டைனமோடிபி தரவுத்தளத்தில் அட்டவணை ஒன்று தேவைப்பட்டது, ஓப்பன்டோஃபு 1.10இலிருந்து தேவையில்லை.

மாதச் சந்தா கட்டி இதையெல்லாம் செய்து தரும் சேவைகளும் இருக்கின்றன. டொலரில் கட்ட வேண்டும். 2022இல் இரண்டு மூன்று மாதத்துக்குள் ஒரு டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபது வரை ஏறியதைப் பார்த்தவர்கள், வேறு வழியிருக்கும்போது புதிய டொலர்ச் சந்தாவில் கையெழுத்திட மாட்டார்கள். கிளவுட் கட்டணமே போதும்.

ஒரு வாடிக்கையாளரை மட்டும் க்ளவுட்ஃபார்மேஷனிலேயே விட்டிருக்கிறோம். ஒரே ஒரு நிலையான தளம், டொமைனும் ஏ.டபிள்யூ.எஸ்ஸிலேயே இருக்கிறது. எந்தச் சிக்கலுமில்லாமல் ஓடுகிறது. அதை எதற்கு அசைக்க வேண்டும்?

பழையவற்றைக் கொப்பியில் ஏற்றும் வேலைதான் நினைத்ததைவிட நீண்டது. ‘இம்போர்ட்’ பகுதி எழுதினால் ஏற்கெனவே இருக்கும் வளத்தைக் கொப்பியில் சேர்த்து, அதற்கான நிரலின் முதல் வரைவையும் கருவியே எழுதித் தருகிறது. வரைவுதான், வேண்டாத வரிகளைக் களைய ஒரு வளத்துக்குக் கால் மணிநேரமாவது பிடிக்கும். தரவுத்தளங்களை முதலில் ஏற்றி, ஒவ்வொன்றின் மேலும் ‘அழிக்காதே’ என்ற பாதுகாப்பு வரியைப் போட்டோம். பிறகு வலைப்பின்னல், அதன் பிறகு டி.என்.எஸ். பங்குனிக்குள் ஒன்பது விடுதிகள் முடிந்தன. மீதி இரண்டும் உப்புவெளியில். அவற்றின் பாதுகாப்பு விதிகளில் யாரோ கையால் எழுதிய, எதற்கென்று புரியாத ஆறு வரிகள் இருக்கின்றன. சீசன் தொடங்கிவிட்டது, அறைகள் நிரம்பிவிட்டன. இனி அவற்றைத் தொட வாடை திரும்ப வேண்டும். ரவுட்டருக்கு ஒரு சிறிய யு.பி.எஸ். வாங்கி, கடைக்கார ஐயாவின் கொப்பியில் எழுதச் சொல்லியிருக்கிறோம்.